செக்கும் கலயமும்

எண்ணெயைச் சுவைத்துப் பார்த்து வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் அருகி நெடுநாளாயிற்று. இத்தாலியில் உழவர்கள் தம் தோட்டத்திலேயே விருந்தினரைத் தங்கவைத்து, ஆலிவ் எண்ணெயையும் திராட்சை மதுவையும் சுவைக்கத் தருகின்றனர். இதற்கென 1985-இல் அங்குச் சட்டமே இயற்றினர். நம் ஊரில் அத்தகைய தங்கல் எவ்வாறிருக்கும் என அறிய விரும்பி, சென்ற வைகாசியில் வாழப்பாடிக்கு அருகே, பாக்குத் தோப்பும் எள் வயலும் உடைய ஒரு தோட்டத்தில் இரு நாள் தங்கினேன்.

தோட்டத்துப் பெரியவர் மூன்று கிண்ணங்களில் நல்லெண்ணெய் ஊற்றி, "நம் செக்கில் ஆட்டியது எது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். தெளிந்து பளபளத்த ஒன்றைக் காட்டினேன். அது கலப்பெண்ணெய்! கண்ணை நம்பியதே என் பிழை. ஆலிவ் எண்ணெயைத் தேர்வு செய்வோர் நீலக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கையாள்வதன் காரணம் அப்பொழுதுதான் எனக்கு நன்கு விளங்கிற்று. நிறம் தெரிந்தால் நாக்கு ஏமாறும். அவர்கள் கிண்ணத்தை உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்து, பிறகு முகர்வார்கள். பெரியவரும் ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகரச் சொன்னார். ஆனால் ஒன்று: புதிய ஆலிவ் எண்ணெய் தொண்டையில் மிளகுபோல் உறைக்கும், ஓலியோகாந்தால் என்னும் பொருளால் வருவது அது, அங்கே அது சிறப்பு. நல்லெண்ணெய் தொண்டையில் காறினாலோ, அது கெட்டது என்று பொருள்.

வாகை மரத்துச் செக்கு அது. மாடு போய் மோட்டார் வந்துவிட்டது. எள்ளோடு கருப்பட்டியும் சிறிது நீரும் சேர்த்து ஆட்டுகின்றனர். ஈரம் பட்டுப் பிண்ணாக்குத் திரண்டால்தான் எண்ணெய் பிரியும். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெயே. அதில் இயல்பாகவே உள்ள செசாமின், செசாமோலின் போன்ற பொருள்கள் எண்ணெய் விரைவில் சிக்கு வாடை பிடிக்காமல் காக்கின்றன.

மது? அதற்கு ஈடானது பனையில் இருந்தது. விடியுமுன் மரமேறி ஒருவர் கலயத்தை இறக்கினார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்ததால் அது பதநீர். தடவாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சில மணி நேரத்திலேயே சாராயமாக மாற்றத் தொடங்கிவிடும், அது கள். திராட்சைச் சாறு மதுவாவதும் இவ்வாறே.

மாணவர்கள் இதையும் அறிதல் நன்று. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக வந்தது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று. அதனால் குறைந்த வருவாயை ஈடுசெய்யவே 1939-இல் விற்பனை வரி பிறந்தது. பின்னர்ச் சட்டம் பலமுறை மாறிற்று. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்க அனுமதி இல்லை. மதுக்கடை திறந்திருக்கக் கள்ளுக்கு ஏன் தடை என்று உழவர்கள் கேட்கின்றனர்; அந்தக் கேள்வியில் நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது.

"சுண்ணாம்பை மறந்தால் நான் குற்றவாளி, ஐயா" என்றார் மரமேறி. அவருடைய மகன் சேலத்தில் ஆலை வேலைக்குப் போகிறான். அடுத்த பருவத்துக்கு ஏறுவது யார் என்று பெரியவரைக் கேட்டேன். ஆள் தேடுவதாகச் சொல்லி, வெயில் ஏறுமுன் குடிக்கும்படி பதநீரை என்னிடம் நீட்டினார்.