பல்கலைக்கழக வளாகமும் கூத்தாய்வும்: ஒரு சமூகவியல் நோக்கு

பல்கலைக்கழகமொன்றின் ஆய்வுச் சாதனைகள் பேசப்படும்போது அவை பெரும்பாலும் தனிமனித மேதாவிலாசத்தின் பேறாகவே காட்டப்படுகின்றன. பேராசிரியரின் பெயர், நூலின் பெயர், வெளிவந்த ஆண்டு என்பவற்றோடு பட்டியல் முடிந்துவிடும். அவ்வாய்வு தோன்றுவதற்குக் களமாயமைந்த வளாக வாழ்வு, அதாவது விடுதிகளில் எவர் தங்கினர், எம்மொழியிற் கற்றனர், மாலை வேளைகளில் எதனிற் கூடினர் என்பன, ஆண்டுமலர்களின் நினைவுக் கட்டுரைகளுக்கென ஒதுக்கப்படுகின்றன. இப்பிரிப்பு செயற்கையானது என்பது எமது கருத்து. ஈழத்துத் தமிழாய்வில் மிகுந்த பயன் தந்த துறைகளுள் ஒன்றாகிய கூத்தாய்வைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம். பேராதனையே இதற்குத் தக்க களமாகும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். கூத்து 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று நாம் கூறும்போது, அது எங்கோ புதைந்து கிடந்ததென்பது பொருளன்று. மட்டக்களப்புக் கிராமங்களிலும் மன்னார்க் கத்தோலிக்க ஊர்களிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் அது ஆடப்பட்டே வந்தது. மட்டக்களப்பிலே அறுவடை முடிந்த ஓய்வுக் காலத்தில் ஊர் கூடிக் கதை தெரிவர். அண்ணாவியார் ஆளறிந்து சட்டங் கொடுப்பார். மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழகிச் சதங்கையணிந்து, அடுக்குப் பார்த்து, ஈற்றில் வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றுவர். இதனை அறியாதிருந்தோர் கற்ற நடுத்தர வர்க்கத்தினரே. எனவே கண்டுபிடிப்பு என்பது ஒரு வர்க்கம் தன் அறியாமையைக் கண்டுகொண்டமையேயாகும். கூத்து வளம் மிக்க கிழக்கிலே பிறந்த விபுலாநந்த அடிகள்கூட, 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில், நாடகவியலைச் சேக்ஸ்பியரிலும் வடமொழித் தசரூபகத்திலும் சிலப்பதிகாரத்திலும் வைத்தே ஆராய்ந்தார். அடிகளைக் குறைகூறும் நோக்கம் எமக்கில்லை. ஏட்டில் எழுதப்பட்டதே அறிவு என்ற எண்ணம் அக்காலக் கல்வியுலகில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்ததென்பதற்கே இதனைச் சுட்டுகின்றோம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. 1952இற் பேராதனையிற் கால்கொண்டது. முதலாவது துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் அதனை ஆங்கிலப் பழம் பல்கலைக்கழகங்களை ஒத்த வதிவிடப் பல்கலைக்கழகமாகவே கற்பனை செய்தார். மாவலிக்கரையில் எழுந்த விடுதிகளில் முதலிற் குடியேறியோர் ஆங்கில மூலம் கற்ற, நகர்ப்புற, வசதி படைத்த குடும்பங்களின் பிள்ளைகளே. ஆளும் வர்க்கத்துக்கு நாகரிகம் பழக்கும் இடமாகத் திட்டமிடப்பட்ட விடுதி வாழ்வு, சில ஆண்டுகளிலேயே வேறொன்றாக மாறிற்று. வரலாற்றின் முரண்நகைகளுள் இதுவுமொன்று.

தமிழ்ச் சங்க நாடகங்கள் இம்மாற்றத்துக்கு முன்னோடியாயின. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவரே 'உடையார் மிடுக்கு' போன்ற நாடகங்களில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழை மேடையேற்றினார். மொழியியலாளர் ஒருவருக்கு இது விளையாட்டன்று. பேச்சுவழக்கும் ஆராயத்தக்க மொழியே என்ற கொள்கையின் செயல்வடிவம். ஆயினும் அந்நாடகங்களின் உலகு உடையாரும் விதானையாரும் உலவும் யாழ்ப்பாண நடுத்தர வர்க்க உலகே. அதனைத் தாண்டிச் செல்ல வேறு உந்துதல் தேவைப்பட்டது.

அது 1956இல் வந்தது. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டின் நவம்பரில், அதே பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தைக் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேற்றினார். சிங்கள நாடக வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதப்படும் இந்நாடகத்துக்கு அடிப்படையாய் அமைந்தது நாடகம எனும் கிராமியக் கூத்து வடிவம். நாடகமவின் வேர் தமிழ்க் கூத்து மரபிலே, சிறப்பாகக் கத்தோலிக்கர் வழிப் பரவிய மரபிலே, இருந்தமையைச் சரச்சந்திரவின் ஆய்வே எடுத்துக்காட்டிற்று. சிங்களத் தேசியப் பண்பாட்டு மறுமலர்ச்சியின் தலையாய படைப்பொன்று தமிழ்க் கூத்திடம் கடன்பட்டிருந்ததென்ற உண்மை, மொழியால் நாடு பிளவுபட்டுக்கொண்டிருந்த வேளையில், ஒரே வளாகத்தில் வாழ்ந்த ஒரு சிங்கள அறிஞரின் ஆய்விலிருந்து வெளிப்பட்டது. இன்றும் இரு தரப்பிலும் பலர் இதனை மறந்துவிடவே விரும்புகின்றனர்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தின்பாற் திரும்பியமையை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். பத்துப்பாட்டை ஆராய்ந்து இலண்டனிற் பட்டம் பெற்ற அவர், கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகக் கிராமங்களுக்குச் சென்றார், அண்ணாவிமாரைக் கண்டார், ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்த கூத்துகளைப் பதிப்பித்தார். 'அலங்காரரூபன் நாடகம்' 1962இலும் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்' 1964இலும் 'மூவிராசர் நாடகம்' 1966இலும் வெளிவந்தன. சங்க நூற் பதிப்பில் உ. வே. சாமிநாதையர் காட்டிய அக்கறையைக் கூத்துக் கொப்பிக்கும் காட்டலாம் என்ற துணிவு இப்பதிப்புகளில் உண்டு. ஆயினும் பதிப்பு மட்டும் போதுமானதாயிருக்கவில்லை. இதன் காரணத்தைச் சற்று விரிவாக நோக்குவாம்.

வடமோடி, தென்மோடி என்னும் இரு மரபுகளின் வேறுபாட்டை எடுத்துக்கொள்வோம். கதைப்பொருளை வைத்து, வடமோடி போரும் வீரமும் பற்றியது, தென்மோடி காதலுக்கு இடந்தருவது என்று ஓரளவு கூறலாம். வடமோடி அரசன் கரப்புடுப்பும் பாரமான கிரீடமும் தரிப்பான், தென்மோடியில் உடை இலகுவானது என்றும் கூறலாம். ஆனால் வேறுபாட்டின் உயிர் இவற்றில் இல்லை. வரவின்போது மத்தளம் இசைக்கும் தாளக்கட்டுக்குக் கால் எவ்வாறு மிதிக்கிறது, பாட்டு ஓய்ந்து ஆட்டம் எவ்விடத்தில் எழுகிறது, பிற்பாட்டுக்காரர் எவ்விடத்தில் வரியை ஏற்கின்றனர் என்பவற்றிலேயே அது உளது. அச்சிட்ட பிரதியில் தாளக்கட்டு 'தாம் தீம் தெய்' போன்ற சில அசைகளாக மட்டுமே எஞ்சும். அவ்வசைகளுக்குரிய அசைவை உடலில் வைத்திருப்பவன் ஆட்டக்காரனே. எனவே கூத்தை ஆராய்வதற்கு அதனை ஆடத் தெரிந்த ஒருவன் நூலகத்துள் நுழைதல் வேண்டும். ஏட்டாய்வு மரபில் வளர்ந்த தமிழ்த்துறைக்கு இது புதிய நிபந்தனை.

அத்தகையோர் வந்தனர். அவர்களைக் கொணர்ந்தது எந்தப் பேராசிரியரின் திட்டமுமன்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கிராமப்புறங்களில் எழுந்த மத்திய பாடசாலைகளும், 1960இற் கலைப்பீடத்தில் தொடங்கிய தாய்மொழி மூலக் கல்வியும் சேர்ந்தே அவ்வாயிலைத் திறந்தன. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்திற் கற்று, கூத்தாடிய அனுபவத்தோடு அறுபதுகளின் தொடக்கத்திற் பேராதனைக்கு வந்த சி. மௌனகுரு இத்தலைமுறையின் சிறந்த பிரதிநிதி. அண்ணாவியார்கள் பேராதனைக்கு அழைக்கப்பட்டனர். பட்டமில்லாதவர் பட்டதாரி மாணவருக்கு ஆசானாகும் காட்சி, ஜெனிங்ஸின் கற்பனையில் இடம்பெற்றிருக்க முடியாது. 1962இல் 'கர்ணன் போர்', அடுத்த ஆண்டில் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலி வதை' என்பன மேடையேறின. இராவணனாக ஆடிய மௌனகுருவே பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார்; அவ்வாய்வு 1998இல் நூலாயிற்று. ஆடுபவனே ஆய்வாளனாவதற்கு இடையில் நிகழ்ந்தது, ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு விடுதியில் இடம் கிடைத்தமையே.

இதன் பயன் நாட்டார் வழக்காற்றியலோடு நின்றுவிடவில்லை. கார்த்திகேசு சிவத்தம்பி மாணவ நாளில் கணபதிப்பிள்ளையின் நாடகங்களில் நடித்தவர். கூத்துத் தயாரிப்புகளையும் அருகிருந்து கண்டவர். பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் 1970இல் அவர் நிறைவு செய்த ஆய்வு, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றியது. 1981இல் நூலாக வெளிவந்தது. கிரேக்க அவல நாடகத்தின் தோற்றத்தைக் குலக்குழுச் சடங்கிலும் சமுதாய மாற்றத்திலும் கண்டவர் தொம்சன். அம்முறையியலைச் சிவத்தம்பி இயந்திரப் பாங்கிற் பிரதிபண்ணவில்லை. கூத்தர், பொருநர், பாணர், விறலியர் பற்றிய சங்கச் செய்திகளை வெறும் உரையாசிரியர் விளக்கங்களாகக் கொள்ளாது, உழைக்கும் மனிதரின் தொழிலாகவும் சடங்காகவும் வாசித்தார். மத்தள ஒலிக்கு நடுவே நின்றிராத ஒருவர் அவ்வாறு வாசித்திருத்தல் அரிதென்றே நாம் கருதுகின்றோம்.

இனி, இம்முயற்சியின் எல்லைகளையும் பேசுதல் வேண்டும்; வழிபாட்டு மனப்பான்மை ஆய்வுக்கு உதவாது. வித்தியானந்தன் விடியும்வரை ஆடப்பட்ட கூத்தைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கினார். வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். உணர்ச்சி வெளிப்பாட்டையும் ஒளியமைப்பையும் சேர்த்தார். நகரப் பார்வையாளர் வியந்தனர். ஆனால் ஆடுவோரும் பார்ப்போரும் ஒரே ஊரவராய் இருந்த உறவு மேடையின் விளிம்பில் அறுந்தது. அரசரும் வீரரும் பேசும் கதைகள் அவ்வாறே எஞ்சின. சாதி அமைப்பினால் யார் எந்தப் பாத்திரம் ஆடலாம், யார் எங்கே அமரலாம் என்றிருந்த கட்டுப்பாடுகளை மேடைக் கூத்து மறைத்ததேயன்றி விசாரிக்கவில்லை. அவ்விசாரணை வளாகத்துக்கு வெளியே எழுந்த போராட்டங்களினாலேயே கூத்துக்குள் நுழைந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்டதன் பின், என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேற்றினர். மௌனகுரு வடமோடி ஆட்டத்தைக் கொண்டு 'சங்கார'த்தில் சாதி, இன, வர்க்கப் பேதங்களை அரக்கராக்கினார். அரசனுக்கென வகுக்கப்பட்ட மிதியைத் தொழிலாளி மிதித்தபோது வடிவமே பொருளாயிற்று. எமது மதிப்பீட்டில், அதற்கு முந்திய தயாரிப்புகள் யாவற்றிலும் இது ஒருபடி மேலானது.

கிழக்கில் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது, பின்பு 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அது கால்கொண்டது முன்னர் குறித்த வந்தாறுமூலைப் பாடசாலையின் வளவிலேயே. ஆய்வாளர் கிராமத்தை நோக்கிச் செல்லும் நிலை மாறி, கிராமத்தின் நடுவே பல்கலைக்கழகம் அமைந்தபோது வினாக்களும் மாறின. சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கியோரும் 2000களின் தொடக்கத்திற் சீலாமுனைக் கிராமத்தில் மேற்கொண்ட 'கூத்து மீளுருவாக்கம்' பேராதனை மரபை நேரடியாகவே கேள்விக்குள்ளாக்கியது. படச்சட்ட மேடைக்கு ஏற்பச் செம்மையாக்குதல் குடியேற்றவாத அழகியலின் தொடர்ச்சி என்பதும், கூத்தை அதன் சமுதாயத்தினரே களரியில் வைத்து விவாதித்து மாற்றுதல் வேண்டும் என்பதும், சாதியையும் பெண் பற்றிய நோக்கையும் பழக்கும் நாட்களிலேயே பேசுதல் வேண்டும் என்பதும் அவர்தம் வாதம். கூத்து சமூகச் சடங்காயிருத்தல் போலவே வளர்ச்சியடையும் அரங்கக் கலையாகவும் இருக்கலாம் என்பது மௌனகுரு முதலானோரின் நிலைப்பாடு. இவ்விவாதத்தில் முறையியல் சார்ந்து நாம் முன்னவர் பக்கமே சாய்கின்றோம்: ஆய்வின் பொருளாயிருந்தோரை ஆய்வின் பங்காளராக்கியமை அண்மைக்காலத் தமிழாய்வின் உண்மையான முன்னேற்றம். ஆயினும் 1962இன் மேடை இல்லாதிருப்பின் 2002இன் களரி பற்றிய வாதத்துக்குக் களமே இருந்திராது. மேலும், கிராமத்தை ஒரே குரலுடைய சமுதாயமாகக் கொள்ளும் அபாயம் இப்புதிய முறைக்கும் உண்டு. காணியுள்ளவனும் கூலிக்கு வெட்டுபவனும் ஒரே களரியில் ஆடினும், மறுநாள் வயலில் அவர்களின் உறவு வேறு. மட்டக்களப்பின் பறைமேளக் கூத்து, வடமோடி, தென்மோடிக்குக் கிடைத்த கவனத்தின் சிறு பகுதியையே பெற்றுள்ளமை தற்செயலன்று.

இன்னுமொரு மௌனமும் உண்டு. பேராதனையைச் சூழ்ந்துள்ள மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் உள. அங்கு மாசி மாதத்திற் காமன் கூத்து நிகழ்கிறது, நேர்த்தி வைத்தோர் ரதியும் மதனுமாகி லயங்கள்தோறும் ஆடுவர், தப்பு முழங்கும், காமன் எரிவான். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் அங்குண்டு. பேராதனைக் கூத்து முயற்சியின் முதற் பதினாண்டுகளில் மேடையேறியவற்றிலோ பதிப்பிக்கப்பட்டவற்றிலோ இவற்றைக் காணோம். தொலைவிலிருந்த மட்டக்களப்பும் மன்னாரும் தெரிந்த வளாகத்துக்கு, அருகிலிருந்த தோட்டம் தெரியவில்லை. காரணம் அறிஞர்தம் மனப்பாங்கு மட்டுமன்று. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கியது. தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளில் அரசினால் பொறுப்பேற்கப்படும்வரை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. தோட்டத்துப் பிள்ளை விடுதிக்கு வராதவரை, தோட்டத்துக் கூத்தும் தமிழ்த்துறைக்கு வரவில்லை.

மலையக மாணவர் இன்று தமிழ்த்துறைகளிற் பயில்கின்றனர். காமன் கூத்து ஆய்வேடுகளின் பொருளாகியுள்ளது. அவர்களிற் பலருக்குப் பாட்டுத் தெரியும், அடி தெரியும். தப்பு அடிப்பதற்கு அழைக்கப்படுவோர் எச்சாதியினர், அவர்களுக்குக் கூத்தின் மற்றைப் பாத்திரங்கள் கிடைக்கின்றனவா என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனை ஆய்வேட்டில் எழுதும்போது மேற்பார்வையாளர் அதை முன்னுரைக்கு ஒதுக்குகின்றாரா, மைய அதிகாரமாக ஏற்கின்றாரா என்பது இனித் துறைகளின் கையிலுள்ளது.