ஒரு டன் புகைக்கு எத்தனை வெள்ளி? நாம் செலுத்தாத பில்லின் கணக்கு

ஆயர் ஈத்தாம் - 2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் கொட்டிய மழையை இவ்வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பினாங்குக் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. மாநிலத்தில் எழுவர் உயிரிழந்தனர். வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரி, கெட்டுப்போன குளிர்பதனப் பெட்டியைத் தூக்கிப் போட்ட செலவு அந்தந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழுந்தது.

அந்த வெள்ளத்தை முழுவதும் கரியமில வாயுவின் கணக்கில் எழுதிவிட முடியாது. மலையை வெட்டியதற்கும் அடைபட்ட கால்வாய்க்கும் பங்கு உண்டு. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது சுமக்கக்கூடிய ஈரப்பதம் சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. மழை கொட்டும்போது அதுவும் சேர்ந்தே கொட்டும்.

அப்படியானால் கூடுதலாக வெளியேறும் ஒரு டன் வாயு எத்தனை வெள்ளிக்குச் சேதம் செய்கிறது? பொருளாதார அறிஞர்கள் இதைக் ‘கரிமத்தின் சமூகச் செலவு’ என்கிறார்கள். குறைந்த விளைச்சல், வெயிலால் இழந்த வேலை நேரம், உயிரிழப்பு, கடல்மட்ட உயர்வு எல்லாம் இதில் வரும். தோட்டத்துக்காரர்களுக்கு இது புரியாத கணக்கு அல்ல. மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை, அன்றைய வருமானமும் இல்லை. இத்துறையின் முன்னோடி வில்லியம் நோர்ட்ஹாஸ் 2018இல் நோபல் பரிசு பெற்றார்.

சிக்கல், எதிர்காலச் சேதத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவதில் இருக்கிறது. நூறு ஆண்டு கழித்து வரும் 1,000 வெள்ளி இழப்பை ஆண்டுக்கு 2 விழுக்காடு வீதம் கழித்தால் இன்று அது 138 வெள்ளி. 7 விழுக்காடு என்றால் வெறும் 1 வெள்ளி 15 சென்! பேரப்பிள்ளைகளின் வீடு மூழ்குவது நமக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத்தான் அந்த விழுக்காடு சொல்கிறது. கணிதம் மட்டும் அதற்குப் பதில் தராது.

அமெரிக்காவில் நடந்ததே இதற்குச் சாட்சி. டிரம்பின் முதல் ஆட்சியில் ஒரு டன்னுக்கு 1 முதல் 7 டாலர் என்றார்கள். 3, 7 விழுக்காடுகளில் கழித்து, தங்கள் நாட்டுச் சேதத்தை மட்டும் எண்ணினார்கள். 2023இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2 விழுக்காட்டில் கழித்து, உலகச் சேதத்தையும் சேர்த்தபோது விலை 190 டாலர் ஆனது.

மலேசியா ஓராண்டில் வெளியேற்றுவது சுமார் 28 கோடி டன். டாலரை 4 வெள்ளி என்று வைத்தால், 7 டாலர் விலையில் சேதம் 784 கோடி வெள்ளி. 190 டாலர் விலையில் 21,280 கோடி வெள்ளி, நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இது உலகெங்கும் பல தலைமுறைகள் சுமக்கப்போகும் சேதம். ஒப்பிட்டுப் பார்க்க, 2021 வெள்ளத்தின் இழப்பு மட்டும் 610 கோடி வெள்ளி என்கிறது நம் புள்ளிவிவரத் துறை.

மோட்டார் சைக்கிளில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வாயு. 190 டாலர் கணக்கில் சேதம் 1 வெள்ளி 75 சென். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தில் ஒரு லிட்டரின் விலையே 1 வெள்ளி 99 சென்தான்.

இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026க்குள் கரிம வரி வரும் என 2025 வரவு செலவுத் திட்டத்தில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். வரி வருவதைவிட விகிதம் எவ்வளவு என்பதே கவனிக்க வேண்டியது. சிங்கப்பூர் 2019இல் டன்னுக்கு 5 சிங்கப்பூர் டாலரில் தொடங்கி, 2024இல் 25, 2026இல் 45 என உயர்த்தியது. அந்த 45கூட, 190 அமெரிக்க டாலர் மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கை எட்டவில்லை.