சுவரில் எழுதிய கணக்கு
வியன்னா நகரசபை வீடு கட்டிய வரலாறு

அவுஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவிலே, பழைய தொடர்மாடிக் குடியிருப்புகள் பலவற்றின் சுவரிற் பெரிய செவ்வெழுத்துக்கள் காணப்படும். அக்கட்டடத்தை எழுப்பியது வியன்னா நகரசபை என்பதும், எழுப்பிய ஆண்டு இன்னதென்பதும், பணம் வீடமைப்பு வரியிலிருந்து வந்தது என்பதும் அவை கூறும் செய்தி. கட்டியவர் பெயரைப் பொறிப்பது எங்குமுள்ள வழக்கம். பணம் வந்த வழியையுங்கூட ஊரறிய எழுதிவைத்தமை சற்றுப் புதுமையே. அந்தக் கணக்கைத்தான் நாம் இங்கு சிறிது விரித்து நோக்க விரும்புகின்றோம்.

முதலாம் உலகப் போர் 1918 இல் முடிவெய்தியபோது வியன்னாத் தொழிலாளர் வாழ்ந்த நிலை இரங்கத்தக்கது. ஓர் அறையும் ஓர் அடுக்களையுமே பல குடும்பங்களுக்கு வீடு. தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும் வெளியே நடைவழியில், பலருக்கும் பொதுவாக இருந்தன. வாடகை கொடுக்க வழியற்றோர் தமது கட்டிலைச் சில மணி நேரத்துக்கென அயலாருக்குக் கூலிக்கு விட்டனர். சயரோகத்துக்கு ‘வியன்னா நோய்’ என்றே பெயர் வழங்கிற்று.

1919 இல் நடந்த தேர்தலிற் சமூக சனநாயகக் கட்சியார் நகரசபையைக் கைப்பற்றினர். ஆயினும் நல்லெண்ணத்தால் மட்டும் சுவர் எழும்புமா? 1922 இல் வியன்னா தனி மாகாணமாகியது. அதனால் வரி விதிக்கும் உரிமையும் அதன் கைக்கு வந்தது. இவ்வுரிமையே கதையின் அச்சாணி. நகரின் நிதிப் பொறுப்பை வகித்த ஹூகோ பிரைட்னர், முன்னர் ஒரு வங்கியின் பணிப்பாளராக இருந்து கணக்கின் நுட்பம் அறிந்தவர். 1923 இல் வீடமைப்பு வரி நடைமுறைக்கு வந்தது. சிறு வீட்டிலிருந்தோர் செலுத்தியது அற்பம். மாளிகைகளுக்கு விதித்ததோ மிகப் பெரிது. மிக உயர்ந்த பெறுமதியுள்ள அரை வீதமான இல்லங்களிலிருந்தே அவ்வரியில் ஏறத்தாழ 45 வீதம் கிடைத்தது. போதாததற்கு வீட்டு வேலையாட்கள், மோட்டார் வண்டிகள், களியாட்டங்கள் ஆகியவற்றின் மீதும் வரிகள் விழுந்தன. செல்வந்தர் பிரைட்னரை வெறுத்தார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பொருளியல் பயிலும் மாணவர் இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் நன்று. கடன் வாங்கி வீடு கட்டினால், முதலும் வட்டியும் வாடகையிலே வந்து ஏறும். வியன்னா நகரசபை பெரும்பாலும் வரிப்பணத்தாற் கட்டிற்று. திருப்பிக் கொடுக்கவேண்டிய முதல் இல்லை. ஆகவே வாடகை, பராமரிப்புக்குப் போதுமான அளவோடு நின்றது. தொழிலாளியின் சம்பளத்தில் அது மிகச் சிறு பங்கே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தினால் தனியார் கட்டடம் எழுப்புவதைக் கைவிட்டிருந்தமையின், காணிகளும் நகரசபைக்கு மலிவாகக் கிடைத்தன.

ஐந்தாண்டில் 25,000 வீடுகள் என்று 1923 இல் தீர்மானித்த நகரசபை, 1934 இற்குள் 60,000 இற்கு மேற்பட்டவற்றைக் கட்டி முடித்தது. அவற்றுட் புகழ்பெற்றது கார்ல் ஏன் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்து 1930 இல் திறக்கப்பட்ட ‘கார்ல் மார்க்ஸ் ஹோவ்’. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இக்குடியிருப்பில், வளவின் பெரும்பகுதி கட்டடமின்றி முற்றமாகவும் சோலையாகவும் விடப்பட்டது. வீடுகள் சிறியனவே. எனினும் வீட்டுக்குள்ளேயே தண்ணீரும் மலசலகூடமும் இருந்தன. பொதுச் சலவைக்கூடமும் சிறுவர் பாடசாலையும் நூலகமும் அருகே அமைந்தன. தேவையின் கடுமையை அளந்து புள்ளியிட்டு, அப்புள்ளிகளின்படியே வீடு பங்கிடப்பட்டது.

நிற்க. திறவுகோல் முழுவதும் ஒரு கையில் இருப்பதில் அச்சமும் உண்டு. 1934 பெப்ரவரியில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் அரசாங்கப் படைகள் கார்ல் மார்க்ஸ் ஹோவ் மீது பீரங்கி கொண்டு சுட்டன, கட்சி தடைசெய்யப்பட்டது. 1938 இல் நாற்சிகள் வந்தபோது, அதே நகர வீடுகளிலிருந்து யூதக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வீடு கொடுத்த அலுவலகமே வெளியேறுமாறு கடிதமும் அனுப்பியது. வியன்னாவைப் போற்றுவோர் பலர் இப்பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுகின்றனர். அது நமக்கு உடன்பாடன்று. யூத குலத்தவரான பிரைட்னரும் நாட்டைவிட்டு அகன்று, 1946 இல் அமெரிக்காவிலே காலமானார்.

இன்று நகரத்துக்குச் சொந்தமான வீடுகள் ஏறத்தாழ 220,000. நகரவாசிகளில் நால்வருக்கு ஒருவர் அவற்றில் வாழ்கின்றார். ஏறக்குறைய அதேயளவு வீடுகளை இலாபம் வரையறுக்கப்பட்ட சங்கங்கள் நடத்துகின்றன. அவை செலவுக்கேற்ற வாடகையே வாங்கலாம். மிஞ்சும் பணத்தை மீண்டும் வீட்டிலேயே இடவேண்டும். நகரம் அவற்றுக்குக் குறைந்த வட்டியிற் கடன் கொடுக்கும். 1984 இல் நிறுவப்பட்ட காணி நிதியம் முன்கூட்டியே நிலத்தை வாங்கி வைத்திருக்கும். பெரிய திட்டமாயின் 1995 முதல் போட்டி வைக்கப்படுகிறது. செலவு, கட்டட அமைப்பு, சுற்றாடல், குடியிருப்போரின் கூட்டு வாழ்வு என நான்கையும் நடுவர் குழு ஆராய்ந்தே நிலமும் உதவியும் வழங்கப்படும். பணம் கொடுத்தவன் கேள்வியும் கேட்கிறான்.

வருமான எல்லை உயர்வாக இருப்பதால் ஆசிரியரும் இலிகிதரும் கூட இவ்வீடுகளில் இருக்கின்றனர். ஏழைக்குரியதை நடுத்தரத்தார் உண்கின்றனர் என்று இதனைக் குறைகூறுவோர் உளர். ‘ஏழைகள் மாடி’ என்னும் பழிப்பெயர் ஏற்படாமைக்கு இதுவே காரணம் என்பது நமது எண்ணம். நமக்கு உறுத்துவது வேறொன்று. நகரிற் குறித்த காலம் வசித்தவரே விண்ணப்பிக்கலாம் என்பது விதி. நேற்று வந்திறங்கிய ஏழை, தனியாரின் கூடிய வாடகைக்கே போகவேண்டியுள்ளது. 2004 உடன் தானே கட்டுவதை நிறுத்தியிருந்த நகரம், 2015 இல் மீண்டும் கட்டத் தீர்மானித்து, 2019 இற் புதுக் குடியிருப்பொன்றைத் திறந்தது. சங்கங்களுக்குக் கடன் கொடுப்பது மட்டும் போதாது என்று நகரத்தாருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.