சீரம் பாட்டிலில் எண் பெரிதானால் பலனும் பெரிதா?

மருந்துக்கடைகளில் கேள்வி மாறிவிட்டது. "முகத்துக்கு நல்ல கிரீம் ஒண்ணு குடுங்க" என்ற காலம் போய், "நியாசினமைடு பத்து பர்சென்ட் இருக்கா? வைட்டமின் சி இருபது?" என்று கேட்கிறார்கள் கல்லூரி மாணவர்கள். நடிகையின் படத்தைப் பார்த்து வாங்கிய கூட்டம் இன்று பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால், எண் பெரிதாக இருந்தால் பலனும் பெரிதாக இருக்கும் என்ற கணக்கு தோலிடம் செல்லுபடியாகாது.

தோல் போடும் தடை

தோலின் மேலடுக்கு முழுக்க இறந்த செல்களால் ஆனது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் சுமார் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். செல்கள் செங்கல்லாகவும், இடையே உள்ள கொழுப்பு சாந்தாகவும் அமைந்த இந்தச் சுவரின் வேலையே வெளிப்பொருளை உள்ளே விடாமல் இருப்பது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஆய்வாளர்கள் போஸ், மைனார்டி இருவரும் 2000ஆம் ஆண்டில் இதற்கு ஓர் அளவுகோல் சொன்னார்கள்: மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டிய பொருள் ஆரோக்கியமான தோலுக்குள் நுழைவது அரிது.

நியாசினமைடின் எடை 122, வைட்டமின் சி 176, ரெட்டினால் 286. மூன்றுக்கும் வழி உண்டு. கொலாஜனின் எடையோ ஏறக்குறைய மூன்று லட்சம். அது தோலின் மேலே ஈரப்பதத்தைக் காக்கும். உள்ளே போய்ச் சுருக்கத்தை நிரப்பாது.

சதவீதத்துக்கும் எல்லை உண்டு

உள்ளே நுழையக்கூடிய பொருளுக்கும் ஓர் உச்ச அளவு இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் பின்னெல் குழுவினர் பன்றித் தோலில் வைட்டமின் சி-யைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டனர். கரைசலின் பிஎச் அளவு 3.5க்குக் கீழே இருந்தால்தான் அது உட்புகுந்தது. செறிவு 20 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தோல் ஏற்கும் அளவு கூடவில்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் வைட்டமின் சி சிதைந்துவிடும். வாங்கும்போது தெளிவாக இருந்த சீரம் பழுப்பாகிவிட்டால், 20 சதவீதம் என்பது லேபிளில் மட்டுமே மிச்சம்.

நியாசினமைடு, நிறமி செல்கள் உருவாக்கும் மெலனின் பக்கத்துச் செல்களுக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கிறது. கரும்புள்ளி குறித்த ஆய்வுகளில் நான்கைந்து சதவீதமே பலன் காட்டியது. பத்து சதவீதம் பூசினால் சிலருக்கு முகம் எரிந்து சிவக்கும். இன்று புதிய நட்சத்திரமாக வலம்வரும் இந்தப் பொருள், 1975இல் அறிமுகமாகி 2020இல் பெயர் மாறிய ஃபேர் அண்ட் லவ்லியிலும் இருந்ததுதான்!

சன்ஸ்கிரீன் விஷயத்தில் எண்ணைவிட அளவு முக்கியம். எஸ்பிஎஃப் 30 தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. எஸ்பிஎஃப் 50 சுமார் 98 சதவீதத்தை. வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசி இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நம்மில் பலர் பூசுவது அதில் பாதிகூட இல்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும்.

லேபிளே இல்லாதவை

எண்ணைப் பார்த்து ஏமாறினால் போவது பணம். எண்ணே இல்லாத கிரீமை நம்பினால் போவது சிறுநீரகம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக வடிகட்டிகள் பாதிக்கப்பட்டு, சிறுநீரில் புரதம் கசிந்த நிலையில் சிலர் சிகிச்சைக்கு வந்தனர். விசாரித்தபோது பலரும் சிவப்பழகு கிரீம் பூசியது தெரிந்தது. 2023இல் இது செய்தியானது. காரணம் பாதரசம். மெலனினை உருவாக்கும் நொதியை அது முடக்குவதால் முகம் வேகமாக வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியே ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்கும்.

பெரும்பாலானவர்களுக்கு மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், போதிய அளவு சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றும் போதும். சீரம் வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், குறைந்த சதவீதத்தில் தொடங்குங்கள். மங்கு, தீராத பரு என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத கிரீம், ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்க வைத்தாலும், வீட்டுக்குள் வரவே கூடாது.