உங்களுக்குத் தெரியுமா? கருமுட்டைக் கையிருப்பைக் காட்டும் ஹார்மோன்

பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறது. பூப்படையும்போது அதில் மிஞ்சுவது சுமார் 3 லட்சம்தான்!

● மிச்சக் கையிருப்பை ஓரளவு காட்டிக்கொடுப்பது ஏ.எம்.ஹெச். ஹார்மோன். சினைப்பையிலுள்ள சிறு முட்டைப்பைகள் இதைச் சுரக்கின்றன.

● மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளிலும் ரத்தம் எடுத்து இதன் அளவைச் சோதிக்கலாம்.

● சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சையில் எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்பதை இது முன்கூட்டியே உணர்த்தும். சினைப்பையைத் தூண்டும் ஊசி மருந்தின் அளவை முடிவு செய்யவும் உதவும்.

● முட்டையின் தரத்தை மட்டும் இது சொல்லாது. அதைப் பெரிதும் தீர்மானிப்பது வயதுதான். இந்த ஹார்மோன் அளவு குறைவென்றாலே குழந்தை பிறக்காது என்று கலங்க வேண்டாம்.

● கருவிலிருக்கும் ஆண் சிசுவுக்குக் கருப்பை உருவாகாமல் தடுப்பதும் இதே ஹார்மோன்தான்!