கூடு விட்டுக் கூடு பாய்தலும் விலங்குகளும்

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்பது ஒருவர் தம் உடலை விட்டு வேறோர் உடலில் புகும் சித்தியாகும். வடமொழியில் இது பரகாயப் பிரவேசம் எனப்படும். அப்படி மாறியவரைப் பழகிய விலங்குகள் அறியுமா என்பதற்குத் திருமூலர் வரலாறே நல்ல எடுத்துக்காட்டு.

சேக்கிழாரின் பெரிய புராணத்தின்படி, சாத்தனூரில் மூலன் என்னும் இடையர் மாடு மேய்க்கையில் இறந்தார். பசுக்கள் உடலைச் சுற்றி வந்து, மோந்து பார்த்துக் கதறின. அவ்வழியே வந்த சிவயோகி அவற்றின் துயர் தீர்க்க மூலன் உடலில் புகுந்தார். பசுக்கள் அவரை நக்கி, மோந்து, வாலைத் தூக்கித் துள்ளின. மாலையில் தேடி வந்த மூலனின் மனைவியோ, அவர் தொட விடாமல் விலகியதும் ஏதோ மாறிவிட்டதென அஞ்சினாள். பசுக்களுக்கு உடலும் மணமும் போதும், அவளுக்குப் போதவில்லை. பசுக்கள் ஏமாந்தன என்று சொல்லவும் மனம் வரவில்லை, அவற்றுக்காகத்தானே யோகி புகுந்தார்!

திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் கிளியுடலில் புகுந்து பாரிஜாத மலர் கொணரச் சென்றபோது அவரது மனித உடல் எரிக்கப்பட்டது என்பது தலமரபு. கிளி கோபுரம் என்ற பெயர் அக்கதையைச் சார்ந்தது.

1974இல் தொடங்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் பின்னர் இடம்பெற்ற ட்ரூயிட் விலங்குருக் கொள்ளும்போது உடல் மாறும், மனம் மாறாது. மூலன் கதையில் இது தலைகீழ். அந்த விளையாட்டின் துணை விலங்குக்குப் பழைய முகம் கிடையாது. நடத்தையைப் பார்த்துத்தான் தன் தோழரை அது கண்டுகொள்ள வேண்டும்.