ஏலக்காய் ஏலத்தில் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. லெட்டர் டைப் செய்கிறோம், படம் பார்க்கிறோம், மெயில் அனுப்புகிறோம். இதே பெட்டி ஓர் ஊரின் பிழைப்பையே எப்படி நடத்துகிறது என்று தெரிந்துகொள்ள, தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு வாருங்கள்.

போடியிலிருந்து மலை ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்கள். விடிவதற்குள் ஜீப்புகளில் வேலையாட்கள் மேலே போகிறார்கள். உலர்ந்த காய் மூட்டையாகக் கீழே வருகிறது. அதை விற்றுத் தருபவர்கள் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டிடம் லைசென்ஸ் பெற்ற ஏல நிறுவனத்தினர். சரக்கை வாங்கி எடை போடுவது, லாட் நம்பர் கொடுப்பது, சாம்பிள் எடுத்து வியாபாரிகளிடம் காட்டுவது, விற்ற பணத்தை விவசாயிக்குப் பட்டுவாடா செய்வது எல்லாம் இவர்கள் வேலை. ஊரில் பலருடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இந்தப் பட்டுவாடா தேதியைப் பார்த்துத்தான் கட்டப்படுகிறது.

முன்பெல்லாம் வாயால் விலை கேட்கும் ஏலம். 2007-ல் மின்னணு ஏலம் வந்தது; அது போடியிலும், இடுக்கி மாவட்டப் புற்றடியிலும் நடக்கிறது. ஒவ்வொரு வியாபாரிக்கும் முன்னால் ஒரு கம்ப்யூட்டர். லாட் நம்பர், எடை, இப்போதைய விலை ஆகியவை திரையில் தெரியும். விலையை ஏற்ற பட்டனைத் தட்ட வேண்டும். அதற்குமேல் யாரும் ஏற்றவில்லை என்றால் கடைசியாகக் கேட்டவருக்குச் சரக்கு. விலை கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டினால்? உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரம் இங்கே செல்லாது. எல்லாக் கம்ப்யூட்டர்களும் இணைந்திருக்கும் சர்வரை எந்தத் தகவல் முதலில் எட்டுகிறதோ, அதுதான் முதல். ரயில் டிக்கெட்டை இன்டர்நெட்டில் புக் செய்யும்போதும் இதே கதைதான். ஒரே ஹாலுக்குள் கேபிள் போட்ட நெட்வொர்க்கில் இந்த வித்தியாசம் மிகச் சிறியது. 2021-ல் கிளவுட் முறை வந்து, மலைக்கு இந்தப் பக்கம் போடியிலும் அந்தப் பக்கம் புற்றடியிலும் இருப்பவர்கள் ஒரே லாட்டுக்குப் போட்டி போட முடிந்தது. கிளவுட் என்றால் சர்வர் அந்த ஹாலில் இல்லாமல், இன்டர்நெட் வழியாக எட்டும் வேறோர் இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கேட்பவர் அதிகமானால் விவசாயிக்கு நல்லது. ஆனால் இன்டர்நெட் லைன் சுமாராக இருந்தால் கேட்பவருக்குத் திண்டாட்டம்.

ஒன்றை மறக்கக் கூடாது. காயின் பச்சை நிறம், பருமன், ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் நிற்கிறது என்பவை எல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதை வியாபாரி சாம்பிளைக் கையில் எடுத்துத்தான் பார்க்கிறார். ஏலத்தில் வாங்கிய காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்து விலையைக் குழப்புகிறார்கள் என்று விவசாயிகள் நெடுநாளாகப் புகார் சொல்கிறார்கள். சாப்ட்வேருக்கு அதுவும் இன்னொரு லாட் நம்பர்தான்! என்னைக் கேட்டால், இதைப் பிடிக்க வேகமான சர்வர் உதவாது. மூட்டை எங்கிருந்து வந்தது என்ற ஒழுங்கான பதிவுதான் வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். ஸ்பைசஸ் போர்டு வெப்சைட்டில் ஒவ்வொரு ஏலத்துக்கும் வந்த சரக்கு, விற்ற சரக்கு, அதிகபட்ச விலை, சராசரி விலை எல்லாம் கிடைக்கும். பேப்பரில் தலைப்பாக வருவது அதிகபட்ச விலை. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது என்று ஊரே பேசியது. அன்றைய சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. உச்ச விலையை நம்பிக் கடன் வாங்கினால் சிக்கல்தான்.

எக்ஸெலில் இதைச் செய்து பாருங்கள். 100 கிலோ 2,500 ரூபாய்க்கும், 900 கிலோ 1,800 ரூபாய்க்கும் விற்றதாக வைத்துக்கொள்வோம். இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,150 வரும், அது தவறு. எடையை விலையால் பெருக்கும் தனிக் காலம் போடுங்கள். அதன் கூட்டுத்தொகையை மொத்த எடையால் வகுத்தால் 1,870 வரும். தேதி வாரியாக அதிகபட்சத்தையும் சராசரியையும் டைப் செய்து லைன் சார்ட் போட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது பளிச்சென்று தெரியும்.